உள்ளே விட்ட துணி

அந்த ஊரில் எல்லோரும் ஒரே பருமனில் இருந்தார்கள். அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் தையல்காரி வடிவு.

கண்வில்லை வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கருவிழியின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடு அது. பஸ் எங்கே வருகிறது, மருந்தை எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும், பால் என்றைக்குக் கெடும், வடநாட்டு வியாபாரி பேசுவதற்கு என்ன அர்த்தம், எல்லாம் அதில் தெரியும். முதலில் இவ்வளவுக்காகத்தான் வந்தது. அதே வருஷம் உடல் கண்ணியச் சட்டமும் வந்தது. 'குண்டு' என்று கேலி செய்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஊர் ஊராகப் பிள்ளைகள் வீட்டில் நின்றுகொண்டிருந்த காலம். ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் பேசக் கூடாது என்று சட்டம் சொன்னது. ஜனங்கள் வாயை அடைக்க முடியவில்லை. ஆகவே கண்ணை மாற்றிவிட்டார்கள்.

வில்லை போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே உடம்பு. முகம் அவரவர் முகம், உயரம் அவரவர் உயரம், உடம்பு மட்டும் அரசாங்க அளவு, உடுத்திய துணியும் அதற்குத் தக்கபடி. குண்டானவரும் அப்படியே, எலும்பும் தோலுமானவரும் அப்படியே. கர்ப்பிணி என்றால் தலைக்கு மேல் ஒரு பச்சைப் பூ தெரியும், பஸ்ஸில் இடம் கொடுப்பதற்காக. கண்ணாடி முன் நின்றாலும் அதே அளவுதான் தெரியும். பொது இடத்தில் வில்லையைக் கழற்றக் கூடாது, வீட்டிலும் பழக்கத்தில் யாரும் கழற்றுவதில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்ற வேண்டும், சோப்புத் தண்ணீர் ஆகாது. அப்போது குனிந்தால் தன் உடம்பு தெரியும். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஊரில் ஒவ்வொருவரும் நிஜமாகப் பார்த்த ஒரே உடம்பு அதுதான்.

வடிவு இந்தச் சட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்டவள். எட்டாம் வகுப்பில் அவள் உட்கார்ந்த பெஞ்சு உடைந்தது. அந்தப் பெஞ்சில் முந்தின வருஷமே விரிசல் விட்டிருந்தது. ஆனால் சிரித்தவர்களில் வாத்தியாரும் இருந்தார். மறுநாள் வடிவு பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. 'தண்ணி டேங்க்' என்ற பேர் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது. இருபத்து நான்கு வயதில், வில்லை இப்படி மாறிய வாரத்தில், அவள் பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்றபடி இரண்டு உளுந்த வடையைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அத்தனை ருசியாக ஒரு வடையை அவள் தின்றதில்லை.

சட்டத்தால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. எந்த இயந்திரமும் எவருடைய உடல் அளவையும் பதியக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்ததால் ஆயத்த ஆடைக் கடைகள் மூடிக்கொண்டன. தையல் கடைகளுக்கு மறுபடியும் உயிர் வந்தது. வடிவின் ஊரில் இருந்தது அவள் கடை ஒன்றுதான். அளவைக் கையால் எடுத்து, தாளில் எழுதி, பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். அதற்கு உரிமம் வேண்டும். உரிமத்தின் பின்பக்கம் இரண்டு வரி இருக்கும்: எடுத்த அளவைப் பிறரிடம் சொல்லக் கூடாது. ஒருவர் அளவை இன்னொருவர் அளவோடு ஒப்பிட்டும் சொல்லக் கூடாது. மீறினால் உரிமம் போய்விடும்.

வடிவின் நோட்டில் அறுநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரைத் துணி நாடாவில் எழுதி ரவிக்கையின் உள்பக்கம் தைத்துவிடுவாள்.

வைகாசி முடிகிற சமயம் சாத்தூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அறுபது வயது இருக்கும். கையில் பட்டுத்துணிப் பொட்டலம், இன்னொரு கையில் மடித்த ஒரு ரவிக்கை.

"எம்பேரு வேலம்மா. மகனுக்கு ஆவணியில கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட்டு எங்க வீட்டு மொற. பொண்ணு குடுத்த அளவு ஜாக்கெட்டு இது. உள்ள உங்க கடை நாடா இருந்துச்சு. தச்ச கைக்கே போவோம்னு வந்துட்டேன்."

வடிவு ரவிக்கையைப் புரட்டி நாடாவைப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு. நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பழக்கடை சௌந்தரத்தின் மகள் மரகதம். இந்த ரவிக்கை அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்குத் தைத்தது. மார்புச் சுற்று முப்பத்தொன்று. போன வருஷம் பொங்கலுக்கு எடுத்த அளவு நாற்பத்திரண்டு.

வடிவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உரிமத்தின் பின்பக்கம் நினைவுக்கு வந்து, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இதே அளவுதானேம்மா?"

"ஜாக்கெட்டு என்ன சொல்லுதோ அதுதான்." வேலம்மாள் பட்டுப் பொட்டலத்தைத் தையல் மெஷின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். "உள்ள மட்டும் துணி தாராளமா விட்டுத் தைங்க."

"எம்புட்டு விடணும்?"

"எம்புட்டு முடியுமோ அம்புட்டு. நாளைக்கே ஒரு பிள்ளை பெத்தா..." அதற்கு மேல் சட்டம் விடாது. கையை மட்டும் காற்றில் கொஞ்சம் அகட்டிக் காட்டினாள்.

பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள உள்ளே துணி விடச் சொல்வது ஊரில் எல்லோரும் சொல்வதுதான். யாரும் சொல்லாமல் போனால்தான் ஆச்சரியம். வடிவு தலையாட்டினாள்.

"கல்யாணத்துக்குப் பத்து நா முன்னாடி பொண்ணு வந்து போட்டுப் பாக்கட்டும். அன்னிக்கே நானும் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலம்மாள் பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்து மரகதமே வந்தாள். இருபத்துமூன்று வயது. கூட்டுறவு பால் பண்ணையில் வேலை. பேசினால் வாய் ஓயாத பெண், அன்றைக்கு ஒரு பழைய நீல ரவிக்கையை நீட்டியபடி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பிடிச்சுத் தரணும்."

வடிவு அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய் டேப்பைச் சுற்றினாள். வில்லைக்கு எப்போதும் தெரிகிற அதே மரகதம்தான் தெரிந்தாள். டேப் முப்பத்தொன்பது என்றது.

"என்னடி இது?" என்றாள் வடிவு. அளவு மாறியதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

மரகதம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். "அவுங்க வந்தாங்களாக்கா? அளவு ஜாக்கெட்டு கொண்டுட்டு?"

"வந்தாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னா நான் கடையப் பூட்டிட்டு உங்கம்மாகூடப் பழம் விக்கணும். ஏண்டி, ஒம்பதாப்பு ஜாக்கெட்ட யாராச்சும் அளவுக்குக் குடுப்பாளா?"

"வேற எதக் குடுக்க? நிச்சயத்தன்னிக்கி திடுதிப்புனு கேட்டாங்க. இப்ப போடுறதக் குடுத்தா, விரிச்சுப் பாத்ததும் தெரிஞ்சு போகும்ல? பீரோவுல அடியில கெடந்துச்சு. எடுத்து நீட்டிட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கல்யாணத்தன்னிக்கி நாத்தனாதான் கூறப்பொடவ கட்டிவிடும். இடுப்புல கை படும், முதுகுல கை படும். கண்ண ஏமாத்தலாம்க்கா. கைய எப்பிடி ஏமாத்துறது?"

"அதுக்கு?"

"அதுக்குள்ள அந்த ஜாக்கெட்டு அளவுக்கு வந்துருவேன்."

வடிவு டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "என்ன திங்கிற?"

"காலையில ஒரு தம்ளர் மோர். மத்தியானம் ஒரு வெள்ளரிக்கா."

"ராத்திரி?"

"ராத்திரி தூங்கிருவேன்."

"மாப்பிள்ளகிட்டச் சொன்னியா?"

"நாலு தடவ சொல்ல வாயெடுத்தேன். நாலு தடவயும் மழையப் பத்திப் பேசிட்டேன்."

"உங்கம்மா ஒண்ணும் கேக்கலையா?"

மரகதம் அவளை விநோதமாகப் பார்த்தாள். "அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்? வில்லையில நான் அதே மாதிரிதான இருக்கேன்?"

அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், வில்லை பருமனைத்தான் மறைக்கிறது என்று. அது இளைப்பதையும் மறைத்தது. ஒரு பெண் தாயின் கண்ணெதிரே, ஒரே வீட்டில், பக்கத்துப் பாயில், மெழுகுவத்தி மாதிரி கரைந்துகொண்டிருக்கிறாள். தாய்க்குத் தெரியாது.

வடிவின் அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வடிவு சித்தி வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கித் திரும்பினாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னடி இப்பிடி எளைச்சுட்ட!" என்பாள். வீட்டிலேயே பெரிய உடம்பு வடிவுக்குத்தான். சித்தி வீட்டில் மூன்று வேளையும் நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள். இருந்தாலும் அம்மாவுக்கு அவள் இளைத்துத்தான் போயிருப்பாள். அந்த வார்த்தைக்கும் உடம்புக்கும் சம்பந்தம் கிடையாது. உன்னைப் பார்க்காமல் இருந்தேன், இப்போது பார்க்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். கேலி வார்த்தைகளோடு சேர்த்து இந்த வார்த்தையையும் சட்டம் வாரிக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு காலமாக வடிவுக்கு அது காணாமல் போனதுகூடத் தெரியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். "ஊர்ல நான் மட்டும்தானே இப்பிடி?"

இந்தக் கேள்வியை இந்த அறையில் வடிவு எத்தனை முறை கேட்டிருப்பாள்! பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கேட்டிருக்கிறாள். கீரைக்காரி கேட்டிருக்கிறாள். ஊரே கைகட்டி நிற்கிற ஒரு டாக்டரம்மா கேட்டுவிட்டு அழுதிருக்கிறாள். ஒருத்தி தன் தொடையைக் காட்டிக் கேட்டாள், இன்னொருத்தி குச்சி மாதிரிக் கையைக் காட்டிக் கேட்டாள். ஒருவருக்கொருவர் அடுத்த தெருவில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. பூட்டின பெட்டிக்குள் நோட்டில் மட்டும் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

"அளவு ரகசியம்டி" என்றாள் வடிவு. எல்லோருக்கும் சொல்கிற பதில் அது. அன்றைக்குச் சொன்னபோது வாய் கசந்தது.

"சாப்பிடு மரகதம். நான் உள்ள துணி விட்டுத்தான் தைக்கிறேன். பிரிச்சு விட்டுக்கலாம்."

"பிரிச்சா பழைய தையல் தடம் தெரியும்க்கா. பட்டுல மறையாது. பொய்யான அளவு குடுத்தவனு அவுங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்."

ஆடியில் ஒரு முறை வந்தாள். முப்பத்தேழு. அளவெடுக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலைமுடி சீப்பில் கொத்தாக வருகிறது என்றாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன. வடிவு வீட்டிலிருந்து கொண்டுவந்த கேப்பைக் கூழைக் கையில் கொடுத்தாள். குடித்தமாதிரிப் பாவனை செய்துவிட்டுத் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டாள். மூடியைத் திறந்து பார்க்கும்போது வடிவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் அவள் பழக்கடைக்குப் போனாள். சௌந்தரம் கொய்யாப்பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா வடிவு. கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. மரகதத்தப் பாத்தியா? மொகத்துல ஒரு களை வந்துருக்குல்ல?"

"சாப்பிடுறாளாக்கா?"

"தட்டத் தொடச்சு வச்ச மாதிரிச் சாப்பிடுறா." சௌந்தரம் பெருமையாகச் சிரித்தாள். "எங்க தெரு நாய்கூட இப்ப எங்க வீட்டு வாசல்லயே படுத்துக் கெடக்கு, பாத்துக்க. கல்யாண வீட்டு ராசி."

அந்த நாய் ஏன் படுத்துக் கிடக்கிறது என்று வடிவுக்குப் புரிந்தது. சொல்ல முடியவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், அளவைச் சொல்ல வேண்டி வரும், கடை போகும். கடை போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? பெஞ்சு உடைந்த நாளிலிருந்து அவளுக்கு மரியாதை கொடுத்த ஒரே இடம் அந்தப் பத்தடிக்குப் பத்தடி அறைதான். அரை கிலோ கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, காலை பதினொரு மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். சௌந்தரம் முன்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே இரண்டு பெண்கள் தைத்த துணி வாங்க நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளறையில் வடிவு அரக்குப் பட்டு ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள். மரகதம் போட்டுக்கொண்டாள். ஆறு கொக்கியில் கீழே ஒன்று மாட்டியது. இரண்டாவது மாட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். மாட்டவில்லை. மூன்று மாதமாக மோரும் வெள்ளரிக்காயும் தின்ற உடம்பு, இன்னமும் ஒன்பதாம் வகுப்பு ரவிக்கைக்குள் போக மாட்டேன் என்றது.

மரகதம் அழவில்லை. அதுதான் வடிவைப் பயமுறுத்தியது. கணக்குப் போடுகிறவளைப் போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் பத்து நாள் இருக்குல்லக்கா?" என்றாள். "தண்ணியையும் நிறுத்திட்டா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் மடங்கியது. வடிவு தாங்கிப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தாள். வயசுப் பெண் ஒருத்தியின் கனமே அதில் இல்லை.

அவ்வளவுதான். வடிவு கதவைத் திறந்தாள்.

"சௌந்தரக்கா, உள்ள வாங்க."

சௌந்தரம் பதறி வந்தாள். மகளைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "என்னாச்சு? நல்லாத்தான இருக்கா? பளபளன்னு இருக்காளே!"

"வில்லையக் கழட்டிட்டுப் பாருங்க."

"ஏ வடிவு, எனக்குப் பவரு பதினொண்ணு. வில்லையக் கழட்டுனா எம்மக மொகமே எனக்குத் தெரியாது."

வடிவு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். இருபது வருஷமாக யார் கையிலும் அவள் அதைக் கொடுத்ததில்லை.

"கண்ணு வேணாம்க்கா. கையக் குடுங்க. இந்த நுனியப் பிடிங்க. அவளச் சுத்திக் கொண்டாங்க."

"அம்மா, வேணாம்மா" என்றாள் மரகதம். தடுக்கக் கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே விழுந்துவிட்டது.

சௌந்தரத்தின் கைகள் மகளின் முதுகுப்பக்கம் போயின. பழம் தொட்டுத் தொட்டுப் பழகின கைகள் அவை. எது கனிந்தது, எது உள்ளே வெம்பினது என்று தோலைத் தொட்டதும் சொல்லிவிடும். டேப்பை மறந்து அந்தக் கைகள் விலா எலும்புகளில் ஒவ்வொன்றாக நின்றன. தோளில் ஏறின. கழுத்துக் குழியில் இறங்கின. முழங்கையைப் பிடித்தன, பிடித்தபடியே இருந்தன.

"அய்யோ, என்னடி இது," என்றாள் சௌந்தரம். குரல் மேலே மேலே போனது. "எளைச்சுட்டியேடி! எந் தங்கமே, இப்பிடி எளைச்சுட்டியேடி!"

வெளியே நின்ற இரண்டு பெண்களும் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அந்த வார்த்தை கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. மரகதத்துக்கு நினைவு தெரிந்து அவளை நோக்கி யாரும் அதைச் சொன்னதே இல்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தாள்.

"யாரு எளைச்சது?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மரகதம் அரைகுறையாக மாட்டின ரவிக்கையின் மேல் தாவணியைப் போல டேப்பையும் கையையும் வைத்து மறைக்கப் பார்த்தாள். வில்லைக்கு ரவிக்கை கச்சிதமாகத்தான் தெரியும் என்பதுகூட அவளுக்கு அப்போது மறந்துவிட்டது.

"அத்த, நான்... அந்த ஜாக்கெட்டு..."

"ஒம்பதாப்பா பத்தாப்பா?" என்றாள் வேலம்மாள்.

சௌந்தரம் நகர்ந்து உள்ளறைக்குள் வழி விட்டாள்.

"நெஞ்சுல பேட்ஜு குத்துன ரெண்டு ஓட்டை இருந்துச்சு தாயி. இந்த வயசுல எவ பேட்ஜு குத்திக்கிட்டுத் திரியப் போறா?" வேலம்மாள் தரையில் மரகதத்தின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே பெரிய உடம்பு என்று வடிவுக்குத் தெரிந்தது. "எனக்கு வில்லையெல்லாம் இல்லாத காலம். அப்பவே நான் எங்கக்கா ஜாக்கெட்டத்தான் எம்மாமியாருக்கு அளவுன்னு குடுத்தேன். தாலி கட்டுறப்ப அக்குள்ள தையல் விட்டு, சத்தம் மேளக்காரருக்கே கேட்டுருச்சு. அந்தக் கூத்து உனக்கு வேணாம்னுதான உள்ள துணி விடச் சொன்னேன்?"

"பிள்ளை பெத்தா வேணும்னு சொன்னீங்க" என்றாள் வடிவு.

"பின்ன, பொண்ணு பொய் அளவு குடுத்துருக்கானு தையக்காரிகிட்டச் சொல்லுவேனாக்கும்? ஏன் வடிவு, ஒண்ணேகா மீட்டர் துணி கொண்டாந்தேனே. அந்த ஜாக்கெட்டுக்கு முக்கா மீட்டரு போதாது? மிச்சத்துக்கு நான் கைக்குட்டையா தைக்கச் சொன்னேன்?"

வடிவுக்கு முகம் சுட்டது. அளவு பொய் என்பதை இந்த அம்மாளும் கண்டுகொண்டாள் என்று துணியைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வெட்டியது போக மிச்சத்தை மடித்து அலமாரியில் வைத்ததோடு சரி. வெட்டும்போதே அதை அளந்து பார்த்திருந்தால் இந்தப் பெண் இப்படிக் கரைந்திருக்க மாட்டாள்.

"நாத்தனா..." என்று முனகினாள் மரகதம்.

"எம்மக கைக்கா பயந்த? நல்லாருக்கு! பொடவ கட்டிவிடுற சாக்குல அவ இடுப்ப ஒரு தடவ பிடிச்சுப் பாரு. ரெண்டு கை பத்தாது. மொதல்ல எதையாவது குடிக்கக் குடுங்க இவளுக்கு. சும்மா பாத்துக்கிட்டே நிக்கிறீங்க!"

சௌந்தரம் கடைக்கு ஓடிப்போய் மாதுளம்பழச் சாறு கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாயாகப் புகட்டினாள். ஒரு கை தம்ளரைப் பிடித்திருந்தது, மற்றக் கை மகளின் முழங்கையை விடவே இல்லை.

வடிவு அன்றே ரவிக்கையின் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்தாள். உள்ளே ஆறு அங்குலத் துணி இருந்தது. மிச்சத் துணியில் முதுகுக்கு ஒரு பட்டி வெட்டி வைத்தாள். பத்து நாளில் டாக்டர் சொன்னபடி கஞ்சியும் குழைந்த சோறுமாக மரகதம் கொஞ்சம் தேறினாள். கல்யாணத்தன்று பழைய தையல் தடம் இரண்டு பக்கமும் கோடாகத் தெரிந்தது. மரகதம் அதை மறைக்கவில்லை. பந்தியில் பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளை பரிதி தன் இலையிலிருந்த அப்பளத்தையும் அவளுக்கு எடுத்து வைத்துவிட்டு, "இப்பவாவது மழையப் பத்திப் பேசாம இரு" என்றானாம்.

மறுவீட்டுக்கு வந்தபோது மரகதம் கடைக்கும் வந்தாள். உள்ளறைக்குள் போனதும் கதவைச் சாத்தி, கண்ணிலிருந்து வில்லையை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

"நீங்களும் கழட்டுங்கக்கா. உள்ளறை பொது இடம் இல்ல. சட்டத்துல படிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

வடிவு தயங்கினாள். பதினெட்டு வருஷமாக ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை. அவள் மனம் அதற்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் கழற்றினாள்.

மரகதம் நினைவு தெரிந்து தன்னைத் தவிர இன்னொரு பெரிய உடம்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெகு நேரம் பார்த்தாள். பெஞ்சு உடைந்த வகுப்பறையில் நிற்பதைப் போல வடிவுக்குக் காது அடைத்தது.

"அக்கா," என்றாள் மரகதம், "வடிவுன்னு சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க."

பிறகு டேப்பை எடுத்தாள். "கையத் தூக்குங்க."

"எனக்கெதுக்குடி? நான் பழைய ஜாக்கெட்ட வச்சுத் தச்சுக்குவேன்."

"அளவு ஜாக்கெட்டு பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாதா? தூக்குங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் புது நம்பர் போட்டு, 'வடிவு' என்று எழுதி, பக்கத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதினாள். அந்த எண்ணை வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். வெறும் எண்தான். கடிக்கவில்லை.

ஐப்பசியில் அரசாங்க அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அன்றைக்குக் கடைக்கு வெளியே நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி எழுதிப் போட்டிருந்தாள். தடை செய்த வார்த்தை பேசப்பட்டது, அளவு வெளியிடப்பட்டது என்று புகார். விசாரிக்க வந்த அலுவலர் தேன்மொழி விறைப்பான பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள்.

"வாடிக்கையாளரோட அளவ அவுங்க அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லலம்மா. டேப்பக் கையில குடுத்தேன். பெத்தவ பிள்ளையத் தொட்டுப் பாத்தா. தொடக் கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?"

அலுவலர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். "இல்ல" என்றாள் கடைசியில். "அந்த வார்த்தை?"

"அது அவுங்கம்மா சொன்னது. எளைச்சுட்டியேனு ஒரு தாய் கேட்டதுக்கு நோட்டீஸ் குடுக்கணும்னா, போய்க் குடுங்க. பஸ் ஸ்டாண்டுல பழக்கடை. வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க."

அலுவலரின் உதடு லேசாகத் துடித்தது. கோப்பில் என்னவோ எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடினாள். மூடியும் எழுந்திருக்கவில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒரு ஜாக்கெட்டு தைக்கணும். அளவு ஜாக்கெட்டு கொண்டாந்திருக்கேன். ஆனா அது..." நிறுத்தினாள். விறைப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? இந்த ஊர்ல நான் மட்டும்தான் இப்பிடியா?"

வடிவு உரிமத்தின் பின்பக்கத்தை நினைத்தாள். சொல்லக் கூடாது. ஒப்பிட்டும் சொல்லக் கூடாது. அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, தண்ணீர் ஊற்றி, உள்ளறைக் கதவைத் திறந்து உட்பக்க மேஜை மேல் வைத்தாள். அங்கே ஏற்கெனவே நான்கு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வில்லைகள் மின்னின.

"உள்ள வந்து, கழட்டி இதுல போடுங்கம்மா" என்று சொல்லி, கதவை அகலத் திறந்து பிடித்தாள்.